கடற்கரைக் கும்மி

கல்லம்பாறை எஸ்டேட் பங்களாவின் முன் வராந்தாவில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்குப் பெரிய படம். எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது. இன்றைக்கும் யாராவது அந்தப் படத்தைப் பற்றி நல்ல விதமாகப் பேச வந்தால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். பேசியவர் யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன்.

படத்தில் கடல் இருந்தது. கரையில் ஒரு கூட்டம் இருந்தது. கூட்டத்தின் நடுவில் பெண்கள் வட்டமாக நின்று கைகளைத் தூக்கியிருந்தார்கள். தலைமுடி அவிழ்ந்து காற்றில் பறந்தது. யாருக்கும் கண் கிடையாது, மூக்கு கிடையாது. சுவருக்குச் சாணி அப்புகிற மாதிரி சாயத்தைக் கட்டி கட்டியாக அப்பி முகம் என்று வைத்திருந்தார்கள். வட்டத்துக்கு நடுவே மணலில் ஒரு மூட்டை கிடந்தது. அந்த மூட்டையை மட்டும் நிதானமாக, கோடு கோடாக, ஒழுங்காக வரைந்திருந்தார்கள். மனிதர்களுக்கு முகம் வைக்க நேரமில்லை, மூட்டைக்குக் கோடு போட நேரம் இருந்திருக்கிறது.

வரைந்தவர் மேனேஜரின் மனைவி ஞானசுந்தரி அம்மாள். நல்ல மாதிரிதான். பழைய சேலை கொடுப்பார், காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுப்பார், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். அதனாலேயே அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று.

நாங்கள் அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறினவர்கள். பந்தலூர் ரோட்டில் எஸ்டேட் கைகாட்டிக்கு எதிரே எங்கள் டீக்கடை. என் வீட்டுக்காரர் ஆறுக்குட்டி கடையைப் பார்த்துக்கொள்வார். இரண்டு மாட்டையும் பங்களாப் பாலையும் நான் பார்த்துக்கொள்வேன். தினமும் காலையில் பாலை அளந்து, அந்தப் படத்துக்குக் கீழே இருந்த மேஜையில் வைத்துவிட்டு வருவேன். அதே இடத்தில் ஒரு சொம்பு பால் வைக்க ஒருத்தி கெஞ்சப்போகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் பெயர் சின்னம்மை. அவளும் அவள் புருஷன் பொன்னுத்துரையும் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒப்பந்தம் என்றார்கள், பாஸ்போர்ட் என்றார்கள், மூன்று தலைமுறை உழைத்த மண்ணிலிருந்து கிளப்பிக் கப்பலேற்றினார்கள். ராமேஸ்வரத்தில் இறக்கி, மண்டபம் கேம்பில் அடைத்து, அங்கிருந்து லாரியிலும் ரயிலிலுமாக இந்த மலைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். இங்கே வந்த பிறகும் ஊர்க்காரர்கள் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவரை அவர்களைக் கள்ளத்தோணி என்றார்களாம். எந்தக் கரையில் நின்றாலும் அடுத்த கரைக்காரன் என்று பெயர் வைத்தால் மனிதன் எங்கேதான் நிற்பான்?

அவர்களுக்கு வீடென்று கொடுத்தது ஃபேக்டரிக்குப் பின்னால் பழைய உரக் கொட்டகை. தகரக் கூரை. நடுவில் சாக்கைத் தொங்கவிட்டு ஐந்தாறு குடும்பம் இருந்தது. ஆடி மழையில் அந்தத் தகரத்தின் கீழ் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. உர வாடையில் கண் எரியும். பொன்னுத்துரை தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன், ஆனால் டெம்பரவரி. சின்னம்மை கொழுந்து பறித்தாள். அவளும் டெம்பரவரி.

அந்த வருஷம் ஆடியில் அவள் ஆறு மாதம். மழையில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையோடு என் கடைக்கு வந்து அடுப்போரமாக நிற்பாள்.

"ஒரு பிளேன் டீ குடு அக்கா. கொஞ்சம் சாயம் கூடவா."

"பாலே ஊத்திக் குடிக்கறது தானே புள்ள. வயித்துல ஒண்ண வெச்சுட்டு வெறுஞ்சாயம் குடிச்சா ஆகுமா? காசு கேக்க மாட்டேன், குடி."

"பால் வேணாம் அக்கா."

அவள் பால் தொடமாட்டாள். எனக்கு முதலில் அது வீம்பாகப் பட்டது. ஒருநாள் விடாமல் கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. இந்திராணின்னு பேரு. கப்பல்ல வரயிலயே வயித்தால போனிச்சு. கேம்புக்கு வந்து ரெண்டு நாள் கெடந்துச்சு. கண்ண தொறக்கவே இல்ல. கடக்கரையில பொதைச்சோம். மறுநா பால் ஊத்தணுமில்ல, அதுக்குள்ள லாரி வந்திருச்சு. லாரிய கொஞ்சம் நிப்பாட்டுங்கய்யா, ஒரு டம்ளர் பால் வாங்கியாந்து ஊத்திட்டு ஓடியாறேன்னு கால்ல விழுந்தேன். லாரி எவனுக்கும் நிக்காது, ஏறுன்னான். ஏறிட்டோம். அதுக்குப் பொறவு ரெண்டு புள்ள தங்கிச்சு அக்கா, ரெண்டும் நிக்கல. பால் ஊத்தாத புள்ள தாய விட்டுப் போகாது, அடுத்ததையும் இருக்க விடாது. அதுக்குக் குடுக்காத பால நான் எப்பிடி குடிப்பேன்?"

நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். எங்கள் பக்கத்திலும் செத்தவர்களுக்கு மறுநாள் பால் ஊற்றாமல் யாரும் விடமாட்டார்கள். ஒரு டம்ளர் பாலுக்கு நிற்காத லாரியை ஓட்டினவன் யார், நிற்கக்கூடாதென்று சொன்னவன் யார் என்று தெரிந்தால் நான் இங்கிருந்தே மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

ஆவணி பிறந்து மழை கொஞ்சம் விட்டது. எஸ்டேட்டில் புது லைன் வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். ஓட்டுக் கூரை, சிமெண்ட் தரை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு. திறந்து வைக்க மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று தடபுடலாயிற்று. சூப்பர்வைசர் கருப்புசாமி கடைக்கு வந்து பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங் கனகமணியக்கா, அன்னிக்கு டீயும் போண்டாவும் நீங்கதான். பங்களாவுலயே அடுப்பு வெச்சுக்கோங்க. அம்மா வரைஞ்ச படத்த அதிகாரிக்குப் பரிசாக் குடுக்கறாங்க. அதுக்கு முன்னால நம்ம சிலோன் பொம்பளைங்க, படத்துல இருக்கற மாதிரியே கும்மி ஆடோணுமாம். அம்மாவோட ஏற்பாடு."

"ஆடறதுக்கு அவிய என்ன சர்க்கஸ்காரங்களாங்க?"

"சும்மா ஆடச் சொல்லல. ஆடறவங்க ஊட்டுக்காரங்களுக்கு பர்மனெண்ட். புது லைன்ல முதல் வரிசை வீடு. மேனேஜரே சொல்லிப்போட்டாரு."

அடுத்த நாள் பெண்களைப் பங்களாவுக்கு வரச்சொன்னார்கள். நான் பாலோடு போனபோது அவர்கள் வராந்தாவுக்கு வெளியே புல்லில் நின்றிருந்தார்கள். உள்ளே ஏற யாரும் சொல்லவில்லை, அவர்களும் ஏறவில்லை. அம்மாள் படத்தைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்துக் கையால் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் ராமேஸ்வரம் போயிட்டு வர்ற வழியில இதப் பாத்தேன். மண்டபத்துக்கிட்ட கடற்கரையில இந்தக் கூட்டம். கப்பல்ல வந்து எறங்கின சந்தோஷத்துல கும்மி அடிச்சிட்டிருந்தாங்க. எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. டிரைவர்கிட்ட கார நிறுத்தச் சொல்லிட்டேன். அரை மணி நேரம் கார்லயே உக்காந்து பென்சில்ல போட்டு வெச்சுக்கிட்டேன். தாய் மண்ண மிதிச்சா மனுஷங்களுக்கு என்ன ஒரு சந்தோஷம் பாருங்க. படத்துக்குப் பேரே 'கடற்கரைக் கும்மி'."

சின்னம்மை படத்தைப் பார்த்தாள். முகங்களைப் பார்க்கவில்லை, பார்க்க அங்கே முகமும் இல்லை. கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தாள். கறுப்புக் கம்பளி, ஓரத்தில் இரண்டு சிவப்புக் கோடு, நடுவில் ஒரு பழுப்புத் துணி ஒட்டுப்போட்டது. அவள் வாய் கோணிப்போனதை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அன்னக்கிளி, கேம்பில் அவளோடு இருந்தவள், "ஆத்தே" என்று அவள் தோளைப் பிடித்தாள்.

"அது கும்மி இல்லீங்க தொரசானி" என்றாள் சின்னம்மை.

"என்னம்மா?"

"மார்ல அடிச்சு அழுவுறதுங்க. அது எம் புள்ளைங்க. அந்தக் கம்பளி எங்க தோட்டத்துல குடுத்த கம்பளி. கிழிஞ்ச எடத்துல எம் பாவாடத் துணிய வச்சு நாந்தான் தச்சேன். உள்ளுக்க எம் புள்ள இருக்குங்க."

அம்மாள் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. அந்த நிமிஷத்தில் அவர் நெஞ்சில் ஏதோ பட்டது என்று நான் நினைத்தேன். கும்மியில் கையைத் தூக்குவது தட்டுவதற்கு, ஒப்பாரியில் கையைத் தூக்குவது மாரில் அடிப்பதற்கு. படத்தில் கை பாதி வழியில் நிற்கிறது. காருக்குள்ளிருந்து பார்த்த மனுஷி ஒரு தடவை கதவைத் திறந்து இறங்கியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும்.

"அடடா" என்றார் அம்மாள். "எனக்குத் தெரியாம போச்சேம்மா. ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா அழைப்பிதழெல்லாம் அச்சடிச்சாச்சு. படத்தப் பத்தி மெட்ராஸ் பத்திரிகைக்குக்கூட சொல்லியாச்சு. பாக்கறவங்களுக்கு மூட்டைன்னுதானே தெரியும்? நீ மனசுல வெச்சுக்காத."

"படம் ஒங்களோடதுதான். நான் கேக்கல. ஒரே ஒரு சொம்பு பாலுங்க. நாங்களே வாங்கியாறோம். அந்தப் புள்ள முன்னுக்கு வச்சு கும்பிட்டுட்டு, கொண்டுபோய் மண்ணுல ஊத்திர்றேன். பால் ஊத்தாம வந்திட்டேனுங்க. பொதைச்ச எடம் கடல் எடுத்திருக்கும். இது ஒண்ணுதான் இருக்கு."

அம்மாள் கைகளைப் பிசைந்தார். "நல்ல காரியம் நடக்கப்போற எடம்மா. இந்த நேரத்துல சாவுச் சடங்கெல்லாம் இங்க வெச்சா அபசகுனமாயிடாதா? விழா முடியட்டும், பாக்கலாம்."

"முடிஞ்சா படம் மெட்ராசுக்குப் போயிருமே."

அம்மாள் உள்ளே போய் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னம்மை வாங்கவில்லை. கருப்புசாமி வாங்கி அவள் கையில் திணித்தார். நான் கொண்டுவந்த பால் சொம்பு அந்த மேஜைமேலேயே இருந்தது. நான் அதை எடுத்துத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

சாயங்காலம் மனசு கேட்காமல் கொட்டகைக்குப் போனேன். சின்னம்மை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சிலோனில் பழகிய கோதுமை ரொட்டி, அம்மியில் அரைத்த தேங்காய்ச் சம்பல். பொன்னுத்துரை கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். விழாவில் கவ்வாத்துக்காரர்கள் எல்லாரும் கத்தியோடு வரிசையாக நின்று அதிகாரிக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். அதுவும் ஏற்பாடு.

"வா அக்கா, குந்து" என்றாள் அவள். அவன் தலை நிமிரவில்லை.

"நீங்களாவது சொல்லுங்க அக்கா இவளுக்கு" என்றான். "ஆட மாட்டேங்கிறா. நாளைக்கி ஒரு நாள் கைய தூக்கி ஆடிட்டா வீடு வருது, வேல நெலைக்குது. வயித்துல இருக்கறத இந்த ஒரக் கொட்டாயிலயா பெத்துப்போடச் சொல்றா?"

"நான் எம் புள்ள பொணத்துக்கு முன்னுக்கு ஆடணும். நீ அதப் பாக்கணும். அதுக்கு வீடு குடுப்பாங்க" என்றாள்.

"செத்தது செத்துப் போச்சு."

"யாருக்குச் செத்துப் போச்சு?"

"கத்தாத. பக்கத்துல ஆள் இருக்கு."

"இருக்கட்டும். அவங்களும் கேம்புல இருந்தவங்கதான். நீ அன்னிக்கி ஒரு வார்த்த பேசினியா அந்த லாரிக்காரன்கிட்ட? ஒரு வார்த்த. மூட்டைய தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு முதல் ஆளா ஏறினது யாரு?"

கத்தி கல்லில் நின்றது.

"நான் பேசினா நிப்பானா? அங்க விடியக்காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நில்லுன்னா நின்னோம். பேர வெட்டிட்டோம், போன்னா போனோம். கப்பலுக்கு வெயில்ல நில்லுன்னான், நின்னோம். இங்க வந்து கேம்புல சோத்துக்கு நில்லுன்னான், நின்னோம். நமக்காக எவன் நின்னான்? நின்னது நாமதான். நிக்கச் சொன்னா நிக்கணும், போகச் சொன்னா போகணும், அப்பத்தான் கஞ்சி. நீ புதுசா சட்டம் பேசாத."

"நீ ஆம்பளைன்னு சொல்லிக்காத."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். சம்பல் கிண்ணத்தை அவள் தள்ளி வைத்தாள். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபமில்லை. இரண்டு பேரையும் இப்படி ஒருவர்மேல் ஒருவர் பாயவிட்டுவிட்டுப் பங்களாவில் பூந்தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள்மேல்தான் கோபம்.

சாக்கை விலக்கிக்கொண்டு அன்னக்கிளி வந்தாள். காது நன்றாகக் கேட்டிருக்கிறது.

"ஏன்டி சின்னம்மை, தொரசானி என்னா சொன்னாங்க? படத்துல இருக்கற மாதிரியே ஆடணும்னுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப படத்துல இருக்கற மாதிரியே ஆடுவோம். அன்னிக்கி கடக்கரையில எப்பிடி நின்னோமோ அப்பிடி. அங்க இருந்த பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு இங்கதான் இருக்கோம். நீ நடுவுல ஒரு கம்பளிய சுருட்டி வையி. மிச்சம் நான் பாத்துக்கிறேன். காது இருக்கறவன் கேக்கட்டும், புள்ள பெத்தவன் எவனாச்சும் அங்க இருப்பான்ல."

சின்னம்மை தள்ளி வைத்த சம்பல் கிண்ணத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள். பிறகு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

விழா அன்று வெயில் அடித்தது. பங்களாப் புல்வெளியில் பந்தல், தோரணம், நாற்காலி. அடுப்போரமாக நான் போண்டா மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அண்டாவில் பால் கொதித்தது. பத்தாமல் போனால் ஊற்ற ஒரு தூக்குப்போசியில் காய்ச்சாத பால் வைத்திருந்தேன். அதிகாரி நல்ல பருமன், வெள்ளை உடுப்பு, கழுத்தில் ஏலக்காய் மாலை. கவ்வாத்துக்காரர்கள் கத்தியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். பொன்னுத்துரை முதல் வரிசை. படம் மேடைமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு ரோஜா மாலை.

மேனேஜர் மைக்கில் பேசினார். கடல் கடந்து வந்த நம் சகோதரிகள் தாய்மண்ணை மிதித்த பூரிப்பில் ஆடிய ஆட்டத்தை இப்போது காண்போம் என்றார்.

பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தார்கள். சின்னம்மை சுருட்டிய கம்பளியைப் புல்லில் வைத்தாள். எல்லாரும் தலைமுடியை அவிழ்த்தார்கள். ஞானசுந்தரி அம்மாள் நாற்காலி நுனிக்கு வந்தார். தோளோடு தோள் சேர்த்து, குனிந்து, கையைத் தூக்கி மாரில் அறைந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு அடுப்பு வரைக்கும் கேட்டது. அன்னக்கிளி குரலெடுத்தாள்.

கம்பளியில சுருட்டி வச்சேன் என் கண்ணே
கடமணலில் உறங்க வச்சேன்
லாரி வந்து கூப்பிடவே என் கண்ணே
நாதியத்து ஏறிவந்தேன்

சின்னம்மை வாங்கிப் பாடினாள். குரல் பிசிறியது.

ஒரு வாய் பால் ஊத்தலயே என் தாயே
ஓடிவந்த பாவி நான்தான்
கடல் வந்து கேட்டாக்கா என் தாயே
என்ன பேர சொல்லுவியோ

நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். வரிசையில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சமையற்காரன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தான். பந்தலுக்குள் இருந்த நாற்காலிகளைப் பார்த்தேன். முன் வரிசையில் ஒருவர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி தலையாட்டி ரசித்தார். போட்டோக்காரன் மண்டிபோட்டுப் படம் எடுத்தான். பாட்டு முடிந்து பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு விம்மியபோது, எல்லாரும் கை தட்டினார்கள். பலமாகத் தட்டினார்கள்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "பிரமாதம். நான் நெறைய கும்மி பாத்திருக்கேன், இவ்வளவு உணர்ச்சியா பாத்ததில்ல. இவங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கங்கறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா? இன்னொரு தடவ ஆடச் சொல்லுங்களேன்."

ஞானசுந்தரி அம்மாளுக்குத் தெரியும். நாற்காலியில் இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, பெண்களைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். ஆடுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

சின்னம்மை நிமிர்ந்து தன் புருஷனைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, திட்டவில்லை. சும்மா பார்த்தாள்.

பொன்னுத்துரை வரிசையை விட்டு வெளியே வந்தான். மரியாதைக்கு ஏதோ செய்ய வருகிறான் என்று நினைத்து அதிகாரி சிரித்தபடி கை கூப்பினார். அவரைத் தாண்டி மேடையேறினான். மாலையை எடுத்துக் கீழே வைத்தான். கவ்வாத்து வெட்டுகிறவன் செடியின் கிளையைப் பிடிக்கிற மாதிரி இடது கையால் படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கத்தியைச் செருகி மேலிருந்து கீழே ஒரு வெட்டு, குறுக்கே ஒன்று, மறுபடி இரண்டு. கம்பளி மூட்டை இருந்த இடத்தை மட்டும் அளவாக அறுத்து எடுத்தான். மற்றதில் ஒரு கீறல் விழவில்லை. படத்தில் பெண்கள் ஒரு ஓட்டையைச் சுற்றிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

யாரோ கத்தினார்கள். மேனேஜர், "டேய், டேய்" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பொன்னுத்துரை கத்தியை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்து, அந்தத் துண்டைச் சின்னம்மையின் கையில் வைத்தான்.

"புள்ளைய தூக்கிட்டு வா" என்றான்.

அவர்கள் நடந்தார்கள். அன்னக்கிளியும் மற்ற பெண்களும் கூடவே நடந்தார்கள். நான் காய்ச்சாத பால் இருந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டேன். "பால் எங்க போகுது, அதிகாரிக்கு டீ போடோணும்" என்று கருப்புசாமி மறித்தார்.

"வெறுஞ்சாயம் குடிக்கச் சொல்லுங்க. ஒரு நாளைக்குக் குடிச்சா ஒண்ணும் செத்துப்போயிட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன்.

பங்களாச் சரிவுக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு சில்வர் ஓக் மரம். பொன்னுத்துரை அங்கே மண்டியிட்டு வெறுங்கையால் தோண்டினான். மழை குடித்த செம்மண், இளகிக் கொடுத்தது. "கடமணல்ல தோண்டத் தோண்டத் தண்ணி வந்திச்சு" என்றான். அவன் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சின்னம்மை துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டாள். எண்ணெய்ச் சாயம் காய்ந்து கெட்டியாக இருந்தது, ஒட்டுத் துணி இருந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு அவளே குழிக்குள் வைத்தாள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

மேலே சரிவில் கருப்புசாமி மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"டேய் பொன்னுத்துரை, தொர உன்னய இப்பவே வரச் சொல்றாரு. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஜீப்பு ரெடியா நிக்குது. வேலையும் போச்சு, ஊடும் போச்சு. கெளம்பு, கெளம்பு. ஜீப்பு உனக்காகக் காத்துட்டிருக்காது."

பொன்னுத்துரை எழுந்திருக்கவில்லை. தூக்குப்போசியை என்னிடமிருந்து வாங்கிச் சின்னம்மையின் கையில் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் தன் கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டான். பால் மண்ணில் விழுந்து, கொஞ்சம் தேங்கி, பிறகு உள்ளே இறங்கியது.

"பால் ஊத்திக்கிட்டு இருக்கோம்" என்றான், திரும்பிப் பார்க்காமல். "நிக்கச் சொல்லு."

கருப்புசாமி எங்களைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். திரும்பிச் சரிவில் ஏறிப் போனார்.

மேலே ஜீப் என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சின்னம்மை இரண்டாம் தடவை பாலைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது.